வராத நாளுக்கு விலை

ஜூன் 3

இந்த நாட்குறிப்பு அரசாங்கம் எனக்குக் கொடுத்தது. முத்திரை போட்ட கறுப்பு அட்டை. வருடத்துக்கு ஒன்று வாங்கிவருவேன், எல்லாவற்றிலும் என் மனைவி வடிவு பால் கணக்கு எழுதித் தீர்த்தாள். இதை மட்டும் அவளிடமிருந்து காப்பாற்றி இன்று பிரிக்கிறேன். காரணம், என்னைப் பணியிலிருந்து நீக்கிய உத்தரவு இன்று பதிவுத் தபாலில் வந்தது. நாட்குறிப்பைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லி அதில் ஒன்றும் இல்லை. இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டேன்.

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு, "நல்ல சேதியா சார்?" என்றார்.

"ரொம்ப நல்ல சேதி. இனிமே டிரான்ஸ்பரே கிடையாது" என்றேன்.

ஆ. குற்றாலிங்கம், கண்காணிப்பாளர். குற்றம்: அனுமதி பெறாமல் தொடர்ந்து பணிக்கு வராமை. பெயரிலும் குற்றத்திலும் எழுத்துப்பிழை இல்லை. போன வருடம் என்னைக் கூடலூருக்கு மாற்றினார்கள். பாளையங்கோட்டை வெயிலில் காய்ந்த உடம்புக்கு மலைக்குளிர் ஆகுமா? எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். முதுகுவலி என்று மருத்துவச் சான்று அனுப்பினேன். அது முடிந்ததும் இன்னொன்று. சந்தேகப் பிராணிகள் என்னை மருத்துவக் குழுவின் முன் நிறுத்தினார்கள். நடுவில் இருந்த டாக்டர் எழுதும்போது பேனா கீழே விழுந்தது. குனிந்து எடுத்துக் கொடுத்துவிட்டேன். முப்பது வருடமாக மேலதிகாரிகளின் பேனாவை எடுத்துக் கொடுத்துப் பழகிய முதுகு அன்று மட்டும் சொன்ன பேச்சைக் கேட்குமா? அவர் நன்றி சொன்னார். பிறகு அதே பேனாவால் 'பணி செய்யத் தகுதியானவர்' என்று எழுதினார். அதற்கு அப்புறமும் நான் கூடலூர் போகவில்லை. ரோஷம்.

போகட்டும். நம் கையில் விடுப்பு இருக்கிறது. அரசு ஊழியன் எடுக்காமல் சேர்த்துவைக்கும் ஈட்டிய விடுப்பை, ஓய்வுபெறும்போது சம்பளக் கணக்கில் காசாகக் கொடுப்பார்கள். உச்சவரம்பு இருநூற்று நாற்பது நாள். அந்த உச்சியில் நான் ஏறி உட்கார்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. வடிவின் தம்பி கல்யாணத்துக்குக்கூடத் தாலி கட்டியதைப் பார்த்துவிட்டுப் பஸ் ஏறி மதியம் ஆபீஸுக்கு வந்தவன் நான். பந்தியில் இலை போட்டுக் காத்திருந்ததாக இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

"அவ்வளவு லீவு கிடந்துச்சே, அதுல எடுத்துக்கிட்டு வீட்ல இருந்திருந்தா வேலை போயிருக்காதுல்லா?" என்று இன்றும் கேட்டாள்.

கையில் ரூபாய் நோட்டு இருக்கிறது என்று அதைப் பற்றவைத்து யாராவது வெந்நீர் போடுவார்களா?

வேலை போனதோடு பென்ஷனும் போயிற்று. சம்பளம் இல்லாத மாதங்களில் வடிவின் வளையல்கள் அடகுக்கடைக்கு மாற்றலாகிவிட்டன. விடுப்புக் காசு வந்தால்தான் அவை ஊர் திரும்பும்.

ஜூன் 5

விண்ணப்பம் எழுதி முடித்தேன். ஜெபக்கனி கைக்குப் போகும். என் நாற்காலியில் இப்போது இருப்பவள், நான் பழக்கிய பெண். முன்மாதிரிக் கோப்பைப் பார்க்காமல் குறிப்பு எழுதாதே, சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் நகல் போடு, மறுப்பதை அழகாக மறு என்று சொல்லிச் சொல்லி வளர்த்தேன். அழகாக மறுப்பதில் மாவட்டத்தில் எனக்கு நிகர் கிடையாது. என் குறிப்பு 'விந்தை' என்று முடிந்தால் அந்தக் கோப்புக்குப் பால் ஊற்றிவிடலாம் என்று ஆபீஸில் சொல்வார்கள்.

ஜூன் 17

நேரில் போய்க் கொடுத்தேன். ஜெபக்கனி "வாங்க சார்" என்று எழுந்தாள். எழுந்ததை யாராவது பார்த்துவிட்டார்களோ என்று உடனே உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டிருந்தேன். என் காலத்தில் அந்த மேஜைக்கு எதிரே ஒரு நாற்காலி உண்டு. நான்தான் அதை எடுக்கச் சொன்னேன். உட்கார இடம் கொடுத்தால் மனுதாரர்கள் லேசில் எழுந்து போவதில்லை.

"நீக்கினவங்களுக்கு லீவைக் காசாக்க முடியுமான்னு தெரியலையே சார்."

"முன்மாதிரி பாத்து எழுதும்மா."

"அதைத்தான் பாக்கணும் சார். நீங்க சொல்லிக் குடுத்ததுதான."

பெருமையாக இருந்தது.

ஜூன் 29

வடிவு தோசை மாவு அரைத்து விற்கத் தொடங்கி ஒரு மாதம் ஆகிறது. அரைப்பது அவள், வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது நான். நியமன உத்தரவு எதுவும் கிடையாது. இன்று ஞாயிறு, உடம்பு அசதியாக இருக்கிறது, ஒரு நாள் விடுங்கள் அம்மணி என்று கேட்டுப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழமதான் மாவு ஓடும். லீவும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. தூக்குங்க" என்றாள்.

பத்து வரி குறிப்பு எழுதாமல் மூன்றே வாக்கியத்தில் மறுக்கிறாள். அரசாங்கம் தவறான ஆளை வேலைக்கு எடுத்துவிட்டது. பக்கத்து வீட்டில் என்னைப் பற்றிக் கேட்டால், "லீவுல இருக்காக. நெறைய மிச்சம் கெடக்குல்லா" என்று சொல்கிறாளாம். பொய்யும் இல்லை.

ஜூலை 24

ஆடி அமாவாசை. மாவு போகவில்லை. விண்ணப்பமும் போகவில்லை. 'பரிசீலனையில் உள்ளது.'

ஆகஸ்ட் 18

மறுத்துவிட்டார்கள்.

வருத்தம் ஒரு பக்கம் இருக்கட்டும், தமிழ் நன்றாக இருக்கிறது. அப்படியே எழுதிவைக்கிறேன்: 'விடுப்பு என்பது பணியில் இருப்பவருக்கு அளிக்கப்படும் சலுகையே அன்றி உரிமை அன்று. பணியே இல்லாதவருக்கு விடுப்பு ஏது? வராமல் இருந்த குற்றத்துக்காக அனுப்பப்பட்டவர், வராமல் இருக்கும் நாட்களுக்கு விலை கேட்பது விந்தை.'

ஜெபக்கனிக்கு இப்படி எழுத வராது. அவளுக்குப் பயனிலை வருவதற்குள் பக்கம் முடிந்துவிடும். யாரோ கைதேர்ந்த ஆள் எழுதியது. ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு கோப்பை முன்மாதிரியாகக் காட்டியிருக்கிறார்கள். ஓட்டுநர் வெள்ளைப்பாண்டி, பணி நீக்கம், விடுப்புக் காசு கோரியது, மறுக்கப்பட்டது.

ஆகஸ்ட் 19

மாவு கொடுத்தேன். கத்தரிக்காய் கிலோ அறுபது ரூபாய். வேறு விசேஷம் இல்லை.

ஆகஸ்ட் 20

இன்றும் விசேஷம் இல்லை. வடிவு அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தாள்.

"இது உங்க விந்தை மாதிரில்லா இருக்கு?"

அந்தச் சொல்லைத் தமிழில் யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்றேன்.

ஆகஸ்ட் 23

மைதீன் பிச்சையைப் பார்த்தேன். ஊழியர் சங்கத்துச் செயலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பென்ஷன் வாங்குகிற தெம்பில் அடுத்தவர் வழக்குகளை ருசித்துச் சாப்பிடுகிறார்.

"ஒத்தையாக் கேட்டா பிச்சைவே. ரெண்டு பேராக் கேட்டா கோரிக்கை" என்றார். "வெள்ளைப்பாண்டிக்கு இல்லைன்னதை வச்சுத்தான உமக்கும் இல்லைங்கான்? அவனையும் கூட்டிக்கிட்டு மேல ஒரு மனு போடும். அவனுக்குக் குடுத்துட்டா உமக்கு எப்படி இல்லைம்பான்?"

"அவன் வருவானான்னு தெரியலையே பாய்."

"ஏன் வர மாட்டான்? நீரா அவன் சோத்துல மண்ணைப் போட்டீரு?"

டீ ஆறிப்போயிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 24

வெள்ளைப்பாண்டி வண்ணார்பேட்டையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறான். வண்டிக்குள் துண்டை விரித்துப் படுத்திருந்தவன், என்னைப் பார்த்ததும் எழுந்து சட்டைப் பொத்தானைப் போட்டான். வேலையை விட்டு அனுப்பி ஏழு வருடம் ஆகியும் ஓட்டுநர் புத்தி போகவில்லை.

"சார், நீங்களா! என்னைத் தேடியா வந்தீய?"

எனக்கும் வேலை போன கதையைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை. நான் அவன் இடத்தில் இருந்தால் கொஞ்சமாவது சிரித்திருப்பேன். உச்சுக்கொட்டிவிட்டு, "உங்களுக்கே இப்படின்னா நாங்கள்லாம் எம்மாத்திரம்" என்றான்.

அவன் வேலைக்கு வராமல் இருந்தது மனைவிக்குச் சீக்கு வந்தபோது. ஆஸ்பத்திரியிலேயே கிடந்திருக்கிறான். அப்போதும் அவன் கணக்கில் விடுப்பு நிறையக் கிடந்தது.

"அதை எழுதிக் குடுத்திருக்கலாமேப்பா."

"எடுத்தா காசு போயிருமே சார். மக படிப்புக்குன்னு சேத்து வச்சது. சொல்லிக்கிடாம நின்னுட்டேன்."

எப்பேர்ப்பட்ட மடத்தனம்! இருக்கிற விடுப்பை எடுக்காமல் யாராவது வேலையை விடுவார்களா என்று நினைத்தேன். வீடு திரும்பும் வழியில் பாதித் தூரம்வரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மனைவி பிழைத்துக்கொண்டாளாம். மகள் ஜவுளிக்கடையில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமையும் போக வேண்டும், லீவு கேட்டால் சம்பளத்தில் பிடிப்பார்களாம்.

மனுவில் கையெழுத்துப் போடச் சம்மதித்தான். போடும்முன் ஒன்று கேட்டான்.

"எனக்குக் காசு கெடையாதுன்னு எழுதுனது யாரு சார்? பழைய பெரிய ஆபீஸர் அய்யாவா?"

"பழைய கோப்பு. அதெல்லாம் யாருக்குப்பா ஞாபகம்" என்றேன்.

"அன்னைக்கு நீங்கதான் சார் எனக்கு அந்த ஆர்டரை வாசிச்சுக் காட்டுனிய. டீ வாங்கிக் குடுத்து, மனசை விட்டுராதேன்னிய. மறக்கவே இல்லை."

வாங்கிக் கொடுத்தது உண்மைதான். நான் அப்படியொன்றும் கெட்டவன் இல்லை.

ஆகஸ்ட் 27

மேல்முறையீட்டு மனு முடிந்தது. என் கையில் இதுவரை இப்படி ஒன்று வந்ததில்லை. என்னைப் பற்றிய பகுதி முக்கி முனகித்தான் வந்தது. வெள்ளைப்பாண்டியைப் பற்றிய பகுதி தானாக ஓடியது. 'சேர்த்த விடுப்பு என்பது செய்து முடித்த வேலையின் கூலி. பின்னால் வந்த குற்றத்துக்கு வேலை போகலாம். முன்னால் உழைத்த உழைப்பு எப்படிப் போகும்?'

மைதீன் பாய் இரண்டு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"அந்தப் பழைய நோட்டை எழுதுனவன் இதைப் படிச்சான்னா நாண்டுக்கிட்டுச் சாவான்வே!"

பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

செப்டம்பர் 30

பதில் இல்லை. கிரைண்டர் கல் கொத்த வேண்டும் என்கிறாள் வடிவு.

அக்டோபர் 21

தீபாவளி முடிந்தது. வடிவு கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனாள். யாரோ கேட்டதற்கு, தங்கம் அலர்ஜி என்றாளாம். இப்படி ஒரு மருத்துவச் சான்று எனக்குத் தோன்றாமல் போயிற்றே.

எனக்கு அவமானமாக இருந்தது. இதில் கிண்டல் செய்ய ஒன்றும் இல்லை.

அக்டோபர் 27

பதில் வந்துவிட்டது. தயாரித்தவள் ஜெபக்கனி. பயனிலைகளை இப்போது சரியான இடத்தில் போடுகிறாள்.

வெள்ளைப்பாண்டியின் கோரிக்கையில் நியாயம் இருப்பதாகக் கருதி, காசு வழங்க மேலிடத்துக்குப் பரிந்துரைக்க முடிவு செய்திருக்கிறார்கள். என் வாதத்தை அப்படியே எடுத்திருக்கிறார்கள். அடுத்த பத்தி என்னைப் பற்றியது.

'இரண்டாம் மனுதாரரான திரு. குற்றாலிங்கம், தாம் பணியில் இருந்தபோது இதே பொருளில் முதல் மனுதாரருக்கு எதிராகத் தம் கைப்படக் குறிப்பு எழுதியுள்ளார். தற்போது அதற்கு நேர்மாறாக வாதிடுகிறார். கருத்து மாறியதற்கான காரணத்தைப் பதினைந்து நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அவரது பதிலைப் பெற்ற பிறகே இரு கோரிக்கைகளும் மேலே அனுப்பப்படும். குறிப்பின் நகல் இணைக்கப்பட்டுள்ளது.'

என் கையெழுத்தை நானே பார்த்தேன். அந்தக் காலத்தில் வளைத்து வளைத்துப் போடுவேன்.

அதுகூடப் பரவாயில்லை. கடைசியில் ஒரு வரி: 'நகல்: திரு. வெள்ளைப்பாண்டி (இணைப்புடன்).'

சம்பந்தப்பட்ட அத்தனை பேருக்கும் நகல். நல்லாத்தான் படித்திருக்கிறாள்.

அக்டோபர் 28

காலையிலேயே வந்துவிட்டான். கையில் அதே உறை, பிரிக்காமல்.

"எனக்கு இந்த ஆபீஸ் தமிழ் ஓடாது சார். அன்னைக்கு மாதிரி நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க."

வடிவு அவனுக்குத் தோசை வார்க்க உள்ளே போனாள். நான் கண்ணாடியைத் துடைத்தேன். மறுபடியும் துடைத்தேன். பரிந்துரைத்த பத்தியை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். அவன் கையெடுத்துக் கும்பிட்டான். அடுத்து எனக்கு ஏதோ விளக்கம் கேட்டிருக்கிறார்கள், அது ஒன்றும் பெரிதில்லை என்றேன்.

"பின்னாடி இன்னொரு தாள் இருக்கே சார்?"

"அது... பழைய குறிப்பு."

"எனக்கு எழுதுனதா? அதையும் வாசிங்க. இத்தனை வருசமா ஒரு தடவைகூட முழுசாக் கேட்டதில்லை. அன்னைக்கு நீங்க சுருக்கமாத்தான் சொன்னிய."

வாசித்தேன். விடுப்பு சலுகையே அன்றி உரிமை அன்று. பணியே இல்லாதவருக்கு விடுப்பு ஏது? வராமல் இருக்கும் நாட்களுக்கு விலை கேட்பது விந்தை. வாசித்து முடித்துத் தாளை மடித்தேன்.

அடுப்படியிலிருந்து வடிவின் குரல் வந்தது.

"கீழ கையெழுத்து யாருதுன்னு வாசிக்கலையே?"

வெள்ளைப்பாண்டி என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் தாளைப் பிரித்து என் பெயரை வாசித்தேன். பதவியையும் சேர்த்து வாசித்தேன்.

அவன் தாளைச் சுட்டிக்காட்டினான்.

"அந்தக் கடைசி வரியை இன்னொரு தரம் வாசிங்க சார்."

வாசித்தேன்.

"நல்லா எழுதியிருக்கிய" என்றான். "மக அப்ப நர்சிங் சேந்திருந்தா. ரெண்டாம் வருசம் பீஸ் கட்டணும். இந்தக் காசைத்தான் நம்பி இருந்தேன். இப்ப ஜவுளிக்கடையில நின்னு நின்னு காலு வீங்கிருது அவளுக்கு."

தப்புதான் வெள்ளைப்பாண்டி என்று வாய்வரை வந்தது. தாளைத்தான் மறுபடி மடித்தேன். கல்லூரிக் கட்டணத்தைவிட டீ மலிவு, அதனால் டீ வாங்கிக் கொடுத்தேன் என்று சொன்னால் சிரிப்பானா?

எழுந்தான். தோசை சாப்பிடவில்லை.

"உங்ககிட்ட வெளக்கம் கேட்டிருக்காங்கல்லா? உள்ளதை எழுதுங்க. அடுத்தவன் மேல போட்டு எழுதுனியன்னா, எனக்கு இந்தக் காசே வேண்டாம், மனுவுல இருந்து எம்பேரை எடுங்கன்னு நானே போய்ச் சொல்லிருவேன். எனக்குப் போனது போனதுதான்."

வாசல்வரை போய்விட்டுத் திரும்பினான். "அன்னைக்குக் குடிச்ச டீக்கு எவ்வளவு சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனான்.

அக்டோபர் 29

மைதீன் பாய்க்குச் செய்தி போய்விட்டது. போனில் முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு தொழில் புத்தி வந்துவிட்டது.

"'மேலதிகாரியின் வாய்மொழி உத்தரவுப்படி எழுதப்பட்டது'ன்னு ஒரே வரி எழுதும்வே. அப்ப இருந்த ஆபீஸர் செத்து மூணு வருசம் ஆச்சு. எந்திரிச்சு வந்தா இல்லைங்கப் போறாரு? உம்ம காசு உமக்கு வந்துரும்."

மறைந்த அதிகாரி பாவம், நல்ல மனிதர். கோப்பைப் படிக்காமலே கையெழுத்துப் போடுவார். அந்தக் குறிப்பை எழுதச் சொல்லி அவர் சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. அன்று மதியம் வேறு வேலை இல்லை, வாக்கியம் நன்றாக வந்தது.

வடிவிடம் பாய் சொன்னதைச் சொன்னேன். மாவைப் பாத்திரத்தில் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"உள்ளதை எழுதுனா காசு வராதோ?"

"வராமலும் போகலாம். உன் வளையல் இருக்கே..."

"கண்ணாடி வளையலே கையோட ஒத்துப்போச்சு. அதைச் சாக்காச் சொல்லாதிய" என்றாள். "மாவு புளிக்குது. தூக்குங்க."

அக்டோபர் 30

விளக்கம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரைவு மூன்று பக்கம். விதிகள், தீர்ப்புகள், சூழ்நிலை, மனிதாபிமானம் எல்லாம் வந்தன. படித்துப் பார்த்தேன். மிக அழகாக இருந்தது. கிழித்தேன்.

இரண்டாவது ஒரு பக்கம். அதில் பாய் சொன்ன வரியும் இருந்தது. என்னையறியாமல் வந்து உட்கார்ந்திருந்தது. அதையும் கிழித்தேன்.

மூன்றாவதை எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். ஜெபக்கனி நின்றபடியே படித்தாள்.

"சார், இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா. பதிவு போட்டு ரசீது குடு."

அவள் முத்திரை குத்தினாள். பிறகு உள்ளே போய் ஒரு நாற்காலியைத் தானே தூக்கிவந்து மேஜைக்கு எதிரே போட்டாள். மாவு கொடுக்க நேரமாகிவிட்டது, உட்காரவில்லை.

அலுவலக வழக்கப்படி என் பதிலுக்கு ஒரு நகல் இங்கே:

'பொருள்: கருத்து மாறியதற்கான காரணம். அக்குறிப்பு எவர் உத்தரவின்படியும் எழுதப்பட்டதல்ல, நானாக எழுதியது. அப்போது நான் பணியில் இருந்தேன்.

நகல்: திரு. வெள்ளைப்பாண்டி, லோடு ஆட்டோ நிறுத்தம், வண்ணார்பேட்டை. (நேரில் வாசித்துக் காட்டப்படும்.)'